உன் கை மரத்திருந்த பகல்

நந்தினிக்கு அப்பா எழுதுவது.

நேற்று சாயங்காலம் நீ போன் செய்தபோது சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பேரன் கவினுக்குத் திங்கட்கிழமை குடலிறக்க ஆபரேஷன் என்றும், லேசாகத் தூங்க வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இடுப்புப் பக்கம் ஊசி போட்டு அந்த இடத்தை மரத்துப்போக வைப்பார்கள் என்றும் சொன்னாய். அப்புறம், "எனக்கும் அன்னிக்கு அப்படித்தானேப்பா போட்டாங்க? வலிச்சுதா? நீ தைரியமா பக்கத்துல நின்னதாலதான் நான் அழலன்னு அம்மா சொல்லும்" என்று கேட்டாய். அந்தத் தைரியம் என்ற வார்த்தை வந்ததும்தான் போனை வைத்தேன். இருபது வருஷமாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் உன் அம்மா அதை யாரிடமாவது சொல்வாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். பார்க்கிறவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அது அடக்கம் இல்லை அம்மா. இன்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், பாதியில் நிறுத்திவிடுவேன். இரண்டு நாளாக மழை, உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிறது, வேலை கிடையாது. கவினின் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாளில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். காலையில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தாள். கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு மூடி வைத்துவிட்டு, "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது, அவகிட்ட சொல்லு" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். திங்கட்கிழமைக்கு முன்னால் படித்துவிடு.

சுனாமி வந்துபோனதற்கு அடுத்த வருஷம். உனக்கு ஐந்து வயது. நான் மரக்காணம் உப்பளத்தில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாய்க்காலிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடுகிற டீசல் இன்ஜின். அம்மா அடுத்த அளத்தில் உப்பு சுமந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு உனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சளி பிடித்து இரண்டு நாளாக இழுத்துக்கொண்டிருந்தாய், அதனால் வெயிலில் அம்மாவோடு அனுப்பாமல் இன்ஜின் கொட்டகை நிழலில் என்னோடு வைத்துக்கொண்டேன். இன்ஜினில் பெல்ட்டை மூடுகிற மாதிரி ஒரு தகரக் கவர் இருக்கும். அது ஆணி கழன்று தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் பொறுக்காமல் நான்தான் அதைக் கழற்றிக் கொட்டகை ஓரத்தில் சாய்த்து வைத்தேன். சாய்த்து வைத்து நாலு நாள் ஆயிற்று. நாளைக்கு மாட்டலாம், நாளைக்கு மாட்டலாம் என்று விட்டுவிட்டேன். மடையைத் திருப்பப் பத்தடி தள்ளிப் போனேன். உன் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

உன் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அப்படித்தான் பெல்ட்டில் மாட்டி நசுங்கின. ஆட்கள் ஓடிவந்தார்கள். "எப்பிடிப்பா ஆச்சு?" என்று மேஸ்திரி கேட்டார். உன்னைத் தூக்கித் துண்டைச் சுற்றிக்கொண்டே நான் சொன்ன முதல் வார்த்தை, "துடுக்கு, எங்க பாத்தாலும் கைய வுடுது" என்பதுதான். அந்த வார்த்தை அப்படியே நிலைத்துவிட்டது. உன் அம்மாவும் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் டீச்சரும் சொன்னார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் உன் மடங்காத விரலைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது நீயே சிரித்துக்கொண்டு, "சின்ன வயசுல துடுக்கு பண்ணி இன்ஜின்ல கைய வுட்டுட்டேன்" என்று சொன்னாய். நான் அவர்களுக்குக் காபி தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன். நீ துடுக்கு இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை ஓடுகிற சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கத்தான் செய்யும். தொட முடியாதபடி மூடி வைத்திருக்க வேண்டியவன் நான்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கட்டுப்போட்டு, கையை மேலே தூக்கிக் கட்டி, உடனே பாண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். "ஏம்பா, வாய்ல ஒண்ணும் குடுத்துடாத. தண்ணிகூட வேணாம். ஆபரேஷன் பண்ற மாதிரி இருக்கும்" என்று இரண்டு தரம் சொன்னார்கள். நானும் சரிங்க சரிங்க என்றேன். மீன் ஏற்றுகிற வேன் ஒன்று பாண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது, அதில் ஏறினோம். வழியெல்லாம் நீ அழுதாய். முதலில் வலி என்று அழுதாய், அப்புறம் பசி என்று அழுதாய். கோட்டக்குப்பத்தில் ஐஸ் பெட்டி இறக்க வேன் நின்றது. எதிரே டீக்கடை. கண்ணாடிப் பெட்டியில் பன் இருந்ததைப் பார்த்து நீ கையை நீட்டினாய். கட்டுப்போடாத கையை. என்னால் தாங்க முடியவில்லை. இன்னொரு கையை அப்படி ஆக்கினவன் ஒரு பன் கூட வாங்கித் தரவில்லை என்றால் நான் என்ன அப்பன் என்று தோன்றியது. ஒரு பன்னும் ஒரு தம்ளர் பாலும் வாங்கி, பன்னைப் பாலில் நனைத்து நனைத்து ஊட்டினேன். முழுவதும் சாப்பிட்டாய். அழுகை நின்றது. நர்ஸம்மா சொன்னது மறந்தெல்லாம் போகவில்லை. நினைவோடுதான் ஊட்டினேன்.

பாண்டி ஆஸ்பத்திரியில் கை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். விரல் இரண்டும் நீலம் பாரித்திருந்தன. "ரத்தம் சரியா போகல. காத்துக்கிட்டு இருந்தா விரல் செத்துடும், இப்பவே தியேட்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மா வந்தார்கள். நாற்பது வயது இருக்கும், ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டு, அவசரமே இல்லாத மாதிரி பேசுவார்கள். உன் முதுகில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "இழுக்குதே, எத்தன நாளா?" என்று கேட்டார்கள். சொன்னேன். "கடைசியா எத்தன மணிக்கு, என்ன சாப்ட்டா?"

"காலைல ஏழு மணிக்குக் கூழுங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லீங்க."

"தண்ணி, பால், பிஸ்கட்டு, எதுவும்?"

"இல்லீங்க."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. சாப்பிட்டாள் என்றால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள், விரல் போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், சொன்ன பேச்சைக் கேட்காதவன் என்று அந்தம்மா என்னைப் பார்க்கப் போகிற பார்வை. ஒரே நாளில் இரண்டாவது தப்பா என்று கேட்டுவிடுவார்களோ என்று இருந்தது.

அப்போதுதான் நீ பேசினாய். கட்டிலில் படுத்துக்கொண்டு, மெதுவாக, "அப்பா பன்னு வாங்கிக் குடுத்துச்சு. பாலும் குடுத்துச்சு" என்றாய். என்னைக் காட்டிக்கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. டாக்டரம்மா கேட்டார்கள், உனக்குத் தெரிந்தது, சொன்னாய். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னாய்.

"அது நேத்து வாங்கித் தந்ததச் சொல்லுதுங்க. வலியில ஒளறுது" என்றேன்.

"இன்னிக்குத்தான்" என்றாய்.

"சும்மா இரு நந்தினி" என்று முறைத்தேன். நீ என்னையே பார்த்தாய். அந்த முகத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. இன்ஜினில் கை மாட்டினபோது நீ என்னைப் பார்த்த பார்வையில்கூட, அப்பா இருக்கிறார் என்ற ஒன்று இருந்தது. இதில் அது இல்லை. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

டாக்டரம்மா உன் எதிரில் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டார்கள். "உங்கள திட்டறதுக்கு எனக்கு நேரமும் இல்ல, எண்ணமும் இல்ல. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. வயித்துல ஆகாரம் இருக்கும்போது முழு மயக்கம் குடுத்தா அது மேல ஏறி வரும். மயக்கத்துல இருக்கற புள்ளைக்கு இருமித் துப்பத் தெரியாது. நேரா நுரையீரலுக்குள்ள எறங்கிடும். இவளுக்கு ஏற்கெனவே நெஞ்சு இழுக்குது. விரல காப்பாத்தப் போயி புள்ளைய விட்டுடக் கூடாது இல்ல?" என்று சொன்னார்கள். "சாப்ட்டிருந்தா அதுக்கு ஒரு வழி இருக்குது. சாப்டலன்னா வேற வழி. எதுன்னு நீங்கதான் சொல்லணும். உங்க பொண்ணு சொல்லிட்டா."

நான் அழுதுவிட்டேன். "குடுத்தேங்க. பதினொண்ணர மணி இருக்கும். ஒரு பன்னு, ஒரு தம்ளர் பாலு" என்றேன். மணி அப்போது பன்னிரண்டரை. அந்தம்மா தலையை ஆட்டிவிட்டு, "நல்லது, சொன்னீங்களே" என்றார்கள். அவ்வளவுதான். அந்த நல்லது என்ற வார்த்தைக்கு நான் இன்னும் தகுதி ஆகவில்லை.

அப்புறம் விளக்கினார்கள். உன்னைத் தூங்க வைக்காமல், அக்குளில் ஊசி போட்டுக் கைக்குப் போகிற நரம்புகளை மட்டும் மரத்துப்போக வைப்பது. பெரியவர்களுக்குக் கையால் தடவிப் பார்த்து, நாடி துடிக்கிற இடத்தை வைத்துக் கணக்காகப் போடுவார்களாம். சின்னப் பிள்ளைகளுக்கு நரம்பும் ரத்தக்குழாயும் ஒரு நகக்கண் அகலத்துக்குள் நெருக்கிக்கொண்டு இருக்குமாம், குத்துமதிப்பாகப் போட்டால் தவறிப்போகவும் கூடும். வெளிநாட்டில் ஸ்கேன் மெஷினை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே போடுகிறார்கள், தானும் அங்கே போய்க் கற்றுக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். "பெரியவங்களுக்கு நான் நெறைய போட்டிருக்கேன். இவ்ளோ சின்னப் புள்ளைங்களுக்கு அங்க என் வாத்தியார் பக்கத்துல நிக்கும்போது கொஞ்ச பேருக்குப் போட்டிருக்கேன். இந்த ஆஸ்பத்திரியில, நானா, இதுதான் மொத தடவ. இத உங்களுக்குச் சொல்லாம கையெழுத்து வாங்க மாட்டேன்" என்றார்கள். எனக்கு எதிரில் நின்று, தனக்குப் பாதகமாகப் போகக்கூடிய ஒன்றை அந்தம்மா தானாகச் சொன்னார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். ஊசியை நம்பி இல்லை அம்மா, அந்த வார்த்தையை நம்பித்தான் போட்டேன்.

ஸ்கேன் மெஷின் கீழ்த்தளத்தில் இருந்தது. பதிவு பண்ணின அறையை விட்டு அதை நகர்த்தக் கூடாது என்று சட்டமாம். அதனால் உன்னைத் தள்ளுவண்டியில் வைத்து அங்கே கொண்டுபோனோம். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம் என்று கதவில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வெளியே பெஞ்சில் கர்ப்பிணிப் பெண்கள் ஏழெட்டுப் பேர். காலையிலிருந்து தண்ணீர் குடித்து, ஸ்கேன் எடுக்க மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னாள். முதலில் இருந்தது முக்காடு போட்ட ஒரு பெண், நிறைமாசம். அவள் பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது. உன் கட்டையும் உன் முகத்தையும் பார்த்துவிட்டு, எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள். "அந்தப் புள்ளைய மொதல்ல பாருங்க, நாங்க இருக்கோம்" என்றாள். மற்ற யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. கதவு சாத்தும்வரை அவள் தன் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நமக்கு அவள் யாரோ. திங்கட்கிழமை யாராவது உனக்கு வழி விடுவார்கள். முடிந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. நான் அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை.

உள்ளே, உன் தலைமாட்டில் நிற்கச் சொன்னார்கள். பயம் குறைய டிரிப்பில் கொஞ்சம் மருந்து விட்டார்கள். கண் சொக்கியது, ஆனால் தூங்கவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். கையை மெல்ல விரித்து வைத்து, அக்குளைத் துடைத்து, பசை மாதிரி ஒன்றைத் தடவினார்கள். "சில்லுனு இருக்கும்" என்று முன்னாலேயே சொன்னார்கள், சில்லென்று இருந்ததும் நீ சிரித்தாய். சீப்பு மாதிரி ஒரு சின்னக் கருவியை அங்கே வைத்ததும் டிவி பெட்டியில் மழை பெய்கிற மாதிரி வெள்ளையும் கறுப்பும் தெரிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா கண்ணை எடுக்காமலே, "அதோ, கறுப்பா வட்டமா துடிக்குது பாருங்க, அதான் ரத்தக்குழாய். அத சுத்தி தேன்கூடு மாதிரி சின்னச் சின்னதா இருக்குதே, அதான் நரம்பு. மூணு நாலு இருக்குது" என்றார்கள். உன் இதயம் அடிப்பதை அந்தக் கறுப்பு வட்டத்தில் நான் பார்த்தேன். அத்தனை வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

"நந்தினி, இப்ப ஒரு ஊசி. எறும்பு கடிக்கற மாதிரி இருக்காது, அதவிடக் கொஞ்சம் ஜாஸ்தியா வலிக்கும். நான் அஞ்சு எண்றதுக்குள்ள போயிடும்" என்றார்கள். நீ உதட்டைக் கடித்துக்கொண்டாய். அந்தம்மாவோடு சேர்ந்து நீயும் எண்ணினாய், மூன்றுக்கு அப்புறம் உன் குரல் உடைந்தது, ஆனால் ஐந்துவரை எண்ணி முடித்தாய். பெட்டியில் ஊசி வெள்ளைக் கோடாக உள்ளே வந்தது. ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது, தொடவில்லை. மருந்து போகப் போக நரம்பைச் சுற்றிக் கறுப்பாகப் பரவியது. ஊசியைக் கொஞ்சம் இழுத்து, திருப்பி, இன்னொரு நரம்புப் பக்கம். ஊசியை எடுத்த பிறகுதான் டாக்டரம்மாவின் நெற்றி முழுக்க வேர்த்திருந்ததைப் பார்த்தேன். இருபது நிமிஷம் கழித்து உன் விரலைக் கிள்ளிப் பார்த்தார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தியேட்டருக்குள் என்னை விடவில்லை. டாக்டரம்மா உன் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் உன்னோடு பேசிக்கொண்டிருந்தார்களாம். உப்பு எப்படி விளையும் என்று நீ அவர்களுக்குச் சொன்னாயாம். வெளியே வந்து, "ரத்தம் ஓடுது, விரல் நிக்கும். முழுசா மடங்காது. ஆனா நிக்கும்" என்று கை டாக்டர் சொன்னார். அதற்குள் உன் அம்மா பஸ் பிடித்து, சேலையெல்லாம் உப்போடு, ஓடிவந்தாள். உன்னைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் அவளிடம், "பொண்ணு அழவே இல்லம்மா. ஊசி போடறப்ப இவங்க அப்பா பக்கத்துலயே நின்னாரு" என்றாள். அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு வராத வார்த்தை, நாள் ஆக ஆக இன்னும் கனத்துப்போனது.

திங்கட்கிழமை டாக்டர் உன்னைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் உள்ளதைச் சொல். கவின் ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தாலும் சொல். மாமியார் ஆசையாக ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தால், அவர்கள் மனசு நோகுமே என்று பார்க்காதே. தப்பு யாருடையதாக இருந்தாலும், தெரிந்துவிட்டால் அவர்களிடம் அதற்கு ஒரு வழி இருக்கும். இன்னொன்று. அவன் டாக்டர் எதிரில் உன்னைப் பற்றி ஏதாவது சொன்னால், உனக்கு எவ்வளவு கூசினாலும், அவன் சொன்னது நிஜம் என்றால் ஆமாம் என்று சொல். பிள்ளையைப் பொய்யன் ஆக்காதே. நான் செய்ததிலேயே பெரிய தப்பு அந்த பெல்ட் கவர் இல்லை, பன்னும் இல்லை. இதுதான்.

ஆபரேஷன் முடிந்து வார்டில் படுக்க வைத்தார்கள். கை தலையணைமேல் பெரிய கட்டோடு கிடந்தது. அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். நீ வலது கையால் இடது முழங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். "அப்பா, இது யாரு கை?" என்று கேட்டாய்.

"உன்னுதுதாம்மா" என்றேன்.

"பொய் சொல்ற" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. இனிமேல் இவர் இப்படித்தான் என்று தெரிந்துகொண்ட மாதிரி சொன்னாய். அது மரத்திருக்கிறது, அப்புறம் சரியாகிவிடும் என்று நான் என்னென்னவோ சொன்னேன். நீ கேட்டுக்கொள்ளவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருந்தேன், டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.

பொழுது சாய்கிற நேரம், உன் புருவம் சுருங்கியது. ஊசி மருந்தின் வேகம் குறைய ஆரம்பித்திருந்தது. "அப்பா, இது என் கைதான். வலிக்குது" என்று அழுதாய். வலிக்காது வலிக்காது என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எல்லா அப்பன்களும் அப்படித்தான் சொல்வார்கள். நான் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டு வந்து உன் பக்கத்தில் குனிந்து, "ஆமாம்மா, வலிக்கும். இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா வலிக்கும். மருந்து வருது. அதுவரைக்கும் நான் எங்கயும் போவ மாட்டேன்" என்றேன்.

நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாய். அப்புறம் அழுகையோடேயே உன் வலது கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய்.

உன் அப்பா